சோதனைக் காலத்தில் விசுவாசத்தைப் பிடித்துக்கொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சபையில் வேதபாடம் நடத்துகிறவர்களிடமும், ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்கப் போகிறவர்களிடமும் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கூட்டத்தின் நடுவில் யாரும் கேட்பதில்லை. எல்லோரும் எழுந்தபின், வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். அப்படி என் காதில் விழுந்தவற்றைக் கூடியவரை கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறேன். வசனங்கள் நம் சபைகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து வருபவை. முதலிலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் உள்ள பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி எழுதப்பட்டவை.

1. உண்மையான விசுவாசிக்குக் கஷ்டம் வராது என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். எனக்கு வந்துகொண்டே இருக்கிறதே?

அப்படிச் சொன்னவருக்கு வேதாகமத்தில் ஆதாரம் கிடையாது. இயேசு பிடிபடுவதற்கு முந்திய மணிநேரங்களில் சீஷர்களிடம் சொன்னது இது: "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு, ஆனாலும் திடன்கொள்ளுங்கள், நான் உலகத்தை ஜெயித்தேன்." பேதுருவின் முதலாம் நிருபம் பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா ஆகிய பகுதிகளில் சிதறியிருந்த சின்னச் சின்னச் சபைகளுக்கு எழுதப்பட்டது. அவர்களுடைய விசுவாசம் பொன்னைவிட விலையேறப்பெற்றது என்று அது பாராட்டுகிறது. அதே மூச்சில், அவர்கள் பலவிதமான சோதனைகளினால் துக்கப்படுகிறார்கள் என்றும் சொல்கிறது.

அந்தப் பித்தினியாவில் பின்னர் என்ன நடந்தது என்பதற்கு ஓர் அரசாங்கக் கடிதமே மிஞ்சியிருக்கிறது. சுமார் கி.பி. 112இல் அங்கே ஆளுநராக இருந்த பிளினி, ரோமப் பேரரசர் திராயானுக்கு எழுதினார். கிறிஸ்தவர்கள் என்று கொண்டுவரப்பட்டவர்களிடம் மூன்று முறை கேட்பாராம். மூன்று முறையும் ஆம் என்றால் தண்டனை. பேரரசரின் உருவத்துக்குத் தூபமும் திராட்சரசமும் படைத்து, கிறிஸ்துவைச் சபித்துவிட்டால் விடுதலை. சபையில் ஊழியம் செய்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்தும், அளவுமீறிய மூடநம்பிக்கையைத் தவிர வேறு எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அந்தப் பெண்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

2. எந்தப் பாவத்துக்காக எனக்கு இந்த வியாதி, ஐயா? பரம்பரைச் சாபம் என்றும் சொல்கிறார்கள்.

பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்டதும் இதையேதான். இது யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா? "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று இயேசு அந்தக் கணக்கையே அடித்துவிட்டார். பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள் மூவரும் பக்கம் பக்கமாக அதே கணக்கைத்தான் போட்டார்கள். கடைசியில் தேவனுடைய கோபம் அவர்கள்மேல்தான் வந்தது.

செய்கைக்கு விளைவு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் குடித்தால் கல்லீரல் கெடும். ஆனால் ஒருவருடைய வலியைப் பார்த்து அவருடைய பாவத்தை எடைபோடும் அதிகாரம் நமக்குக் கொடுக்கப்படவில்லை. சாபத்தை முறிக்கத் தனி ஜெபம், அந்த ஜெபத்துக்குத் தனிக் காணிக்கை என்று யாராவது பேச்செடுத்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

3. ஜெபிக்க உட்கார்ந்தால் அழுகையும் கோபமும்தான் வருகின்றன. கடவுளிடம் சண்டை போடுகிறேன். என் விசுவாசம் போய்விட்டதா?

சண்டை போட எதிரே ஒருவர் இருக்கிறார் என்று நீங்கள் இன்னும் நம்புகிறீர்கள். விசுவாசம் போனவர்கள் சண்டை போடுவதில்லை, பேசுவதையே நிறுத்திவிடுகிறார்கள். முந்தைய பதிலில் சொன்ன யோபுவையே பாருங்கள். பிறந்த நாளைச் சபித்தார். தேவன் தன்னை நியாயமில்லாமல் நெருக்குகிறார் என்று வாதாடினார். முடிவில் தேவன் அந்த நண்பர்களில் ஒருவனான எலிப்பாசிடம், "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்றார். பக்தியாகப் பேசிய நண்பர்களுக்குக் கண்டனம் கிடைத்தது. கத்தித் தீர்த்த யோபுவுக்கோ பாராட்டு.

88ஆம் சங்கீதத்தை ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்புவதில்லை. சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர் என்று சொல்லி இருட்டிலேயே நின்றுவிடுகிறது. அதை யாரும் நீக்கவில்லை, முடிவில் ஒரு நல்ல வரியை ஒட்டவைக்கவும் இல்லை. உங்களைப் போன்றவர்களுக்காகவே அது அப்படியே காக்கப்பட்டது என்று நான் நம்புகிறேன். சொந்த வார்த்தை வராத நாட்களில் அதை உங்கள் ஜெபமாக வைத்துக்கொள்ளுங்கள்.

4. "திராணிக்கு மேலாகச் சோதிக்கமாட்டார்" என்று எல்லோரும் வசனம் சொல்கிறார்கள். எனக்குத் தாங்கவில்லை. நான் பொய் சொல்கிறேனா, வசனம் பொய்யா?

இரண்டும் இல்லை. அந்த வசனம் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 10ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் விக்கிரகத்தின் பின்னாலும் இச்சையின் பின்னாலும் போனதை நினைவூட்டிவிட்டு, பாவத்தில் விழும்படியான இழுப்பு வரும்போது தப்பிக்கொள்ளும் போக்கு ஒன்று உண்டு என்று பவுல் அங்கே உறுதி சொல்கிறார். மரணமும் கடனும் நோயும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தாலும் மனிதன் தாங்கிவிடுவான் என்ற வாக்குறுதி அதில் இல்லை. அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தைத் தொடங்கும்போதே, தங்கள் பலத்துக்கு மிஞ்சின பாரம் ஆசியாவில் தங்கள்மேல் வந்ததையும், பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனதையும் வெளிப்படையாக எழுதுகிறார்.

தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டபோது தேவன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டார். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டார், மறுபடியும் தூங்கினார், மறுபடியும் சாப்பிட எழுப்பப்பட்டார். உங்களுக்கும் தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல், செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் எந்த நேரமும் பேசலாம். மனநல மருத்துவரிடம் போவதில் விசுவாசக் குறைச்சல் எதுவும் கிடையாது.

5. நாற்பது நாள் உபவாசித்து ஜெபித்தோம். குணமாகவில்லை. மாத்திரையை நிறுத்தினால்தான் விசுவாசம் என்கிறார்கள். நிறுத்தலாமா?

நிறுத்தக்கூடாது. இன்சுலினை நிறுத்தியவர்களையும் வலிப்பு மாத்திரையை நிறுத்தியவர்களையும் அவசரச் சிகிச்சைப் பிரிவின் வாசலில் பார்க்கிறோம். நிறுத்தச் சொன்னவர் அந்த வாசலுக்கு வருவதில்லை. பவுலோடு பயணம் செய்த லூக்காவைக் கொலோசெயர் நிருபம் பிரியமான வைத்தியன் என்றே அழைக்கிறது. தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடல் பலவீனம் வந்தது. அவருக்கு வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளும்படி பவுல் எழுதினார். உன் விசுவாசத்தைச் சரிசெய் என்று எழுதவில்லை.

பதில் கிடைக்காத ஜெபம் விசுவாசத்தின் அளவைக் காட்டுகிறதா என்பதற்கு அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரம் போதும். தொடக்கத்தில் ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றுபோடுகிறான். சில வசனங்கள் தள்ளி, அதே ஏரோது சிறையில் வைத்த பேதுருவைத் தூதன் வெளியே கூட்டிவருகிறான். ஒரே சபை, ஒரே ஆண்டவர். யாக்கோபின் வீட்டார் சரியாக ஜெபிக்கவில்லை என்று அங்கே ஒரு வார்த்தைகூட இல்லை. பவுலும், தன் மாம்சத்தில் ஒரு முள் என்று அவரே அழைத்த வேதனையை எடுக்கச் சொல்லி மூன்று தரம் மன்றாடினார். முள் எடுக்கப்படவில்லை. கிடைத்தது, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில். அந்தப் பதில் பவுலுக்கு வந்தது. அதைப் பிறர் வலியின்மேல் எளிதாகத் தூக்கிப்போட நமக்கு உரிமை இல்லை.

6. தேவசகாயம் போன்றவர்களுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? எனக்கு அது கொஞ்சமும் இல்லை.

குமரி மாவட்டத்தில் இந்தக் கேள்வி வராத வகுப்பே இல்லை எனலாம். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் பத்மநாபபுரத்தில் பணியாற்றியவர். 1741இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்த டச்சு அதிகாரி டிலனாய் அவருக்கு நண்பரானார். கால்நடைகளையும் பயிரையும் இழந்து மனம் ஒடிந்திருந்த நீலகண்டனுக்கு டிலனாய் யோபுவின் வரலாற்றை எடுத்துச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் செய்தி. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். மனைவி பார்கவியும் ஞானப்பூ என்ற பெயரோடு அதே விசுவாசத்துக்கு வந்தார்.

1749இல் கைதானார். எருக்கம்பூ மாலை போட்டு, எருமையின்மேல் வால்பக்கம் பார்த்து உட்காரவைத்து, ஊர் ஊராக நடத்திக்கொண்டு போனார்கள். அடித்த காயங்களில் மிளகாய்ப்பொடியைத் தேய்த்தார்கள். அதிகாரியாக எந்தத் தெருக்களில் மரியாதையோடு போனாரோ அந்தச் சீமையிலேயே சிரிப்பதற்காக ஊர்வலம் விடப்பட்டார் என்பதை நினைத்துப் பாருங்கள். அடியைவிட அது அதிகம் வலித்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 2022 மே 15 அன்று கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. நான் வேறு சபையைச் சேர்ந்தவன். ஆனாலும் இந்த மனிதர் நம் எல்லோருக்கும் உரியவர்.

தைரியம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்த ஆண்டுகளே பதில் சொல்கின்றன. ஞானஸ்நானத்துக்கும் கைதுக்கும் நடுவே நான்கு ஆண்டுகள். கைதுக்கும் சாவுக்கும் நடுவே ஏறக்குறைய மூன்று. நஷ்டப்பட்ட நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு நண்பர், கூடவே நின்ற மனைவி, ஒதுக்கப்பட்ட சாதியினரோடு கலந்து பழகி அதற்காகச் சொந்தக்காரர்களின் பகையைத் தாங்கிய நாட்கள் என்று அது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. காற்றாடிமலைக்கு வேண்டிய தைரியம் அவருக்கு 1745இல் தேவைப்படவும் இல்லை. ஒப்புக்கொடுக்கப்படும்போது என்ன பேசுவோம் என்று கவலைப்படாதிருங்கள், அந்நேரத்தில் அது உங்களுக்கு அருளப்படும் என்றுதான் இயேசு சொன்னார். வராத சோதனைக்காக இன்றே மனதுக்குள் பரீட்சை எழுதிப் பார்த்துத் தோற்றுப்போகாதீர்கள்.

7. ஆபத்து வந்தால் ஊரைவிட்டுப் போவது விசுவாசக் குறைவுதானே?

"ஒரு பட்டணத்தில் உங்களைத் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்திற்கு ஓடிப்போங்கள்" என்பது இயேசுவின் கட்டளை. தமஸ்குவில் பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கிவிட்டார்கள். சிமிர்னா சபையின் மூப்பரான பொலிக்கார்ப்பு, சுமார் 155இல் அதிகாரிகள் தன்னைத் தேடியபோது, நண்பர்கள் கேட்டுக்கொண்டபடி முதலில் ஒரு பண்ணைவீட்டுக்குப் போனார், பிறகு இன்னொன்றுக்குப் போனார். கடைசியில் கண்டுபிடித்து வந்தவர்களுக்குச் சாப்பாடு போடச் சொல்லிவிட்டு, ஜெபிக்க ஒரு மணி நேரம் கேட்டார். கிறிஸ்துவை நிந்தித்தால் விடுவதாக ஆளுநர் சொன்னபோது, 86 ஆண்டுகளாக அவருக்கு ஊழியம் செய்கிறேன், அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை, என் ராஜாவை எப்படித் தூஷிப்பேன் என்றார். அவருடைய மரணத்தைப் பதிவுசெய்த அந்தச் சபையின் கடிதம் இன்னொருவரையும் சொல்கிறது. குயிந்து என்பவர் தானாகவே போய்ப் பிடிகொடுத்து மற்றவர்களையும் தூண்டினார். மிருகங்களைப் பார்த்ததும் பயந்து பலி செலுத்திவிட்டார். ஆகையால் தாங்களாகப் போய் ஒப்புக்கொடுக்கிறவர்களை நாங்கள் மெச்சுவதில்லை என்று அந்தச் சபை எழுதியது.

நம் பக்கத்திலேயே முதலூர் இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் புதிதாகக் கிறிஸ்தவர்களானவர்கள் சொந்த ஊர்களில் இருக்க முடியாமல் துரத்தப்பட்டபோது, தாவீது சுந்தரானந்தம் முன்னின்று 1799இல் சாத்தான்குளம் பக்கத்தில் அவர்களைக் குடியேற்றிய அடைக்கல ஊர் அது. ஓடிவந்தவர்கள் அங்கே வீடு கட்டினார்கள், கோயில் கட்டினார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள். அவர்களைக் கோழைகள் என்று அந்தச் செம்மண் தேரியில் நின்று யாரும் சொல்லமாட்டார்கள்.

8. கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். "சிலுவையைச் சும, அவர் மனந்திரும்புவார்" என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், அக்கா. முந்தைய பதிலில் பொலிக்கார்ப்புக்கும் பவுலுக்கும் சொன்னது உங்களுக்கும் பொருந்தும். சிலுவை என்பது கிறிஸ்துவின் நாமத்துக்காக ஒருவர் ஏற்றுக்கொள்வது. குடிகாரனின் கை உங்கள் சிலுவை ஆகாது. அது அவன் செய்யும் குற்றம். மன்னிப்பது வேறு, அடிபடுவதற்கு அங்கேயே இருப்பது வேறு. தொலைவில் இருந்துகொண்டும் மன்னிக்கலாம், ஜெபிக்கலாம்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாதுகாப்பு ஆணையும், குடியிருக்கும் உரிமையும், பராமரிப்புச் செலவும் கேட்கலாம். பெண்களுக்கான உதவி எண் 181. இந்த எண்ணை ஒவ்வொரு சபையின் அறிவிப்புப் பலகையிலும், பெண்கள் பார்க்கும் இடத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று மூப்பர்களிடம் நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

9. வீட்டில் நான் ஒருத்தி மட்டும் விசுவாசி. படைத்ததைச் சாப்பிடலாமா? தாத்தா திதிக்குப் போய் நிற்கலாமா?

கொரிந்துவிலும் இதே சிக்கல்தான். பவுல் சொன்னதைச் சுருக்கினால்: அழைத்த வீட்டில் முன்னால் வைப்பதைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு. இது படைத்தது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், சொன்னவரின் மனச்சாட்சிக்காக அதைத் தவிர்த்துவிடு. அதோடு, பலவீனமான சகோதரன் இடறாமலும் பார்த்துக்கொள். உணவில் ஒன்றும் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. நீங்கள் யாரை வணங்குகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சீரியப் படைத்தலைவன் நாகமான் குஷ்டரோகம் குணமானபின் தீர்க்கதரிசி எலிசாவிடம், என் அரசர் ரிம்மோன் கோயிலில் என் கையைப் பிடித்துப் பணியும்போது நானும் பணியவேண்டி வருமே என்று தயங்கினான். எலிசா ஒரு நீண்ட போதனையும் செய்யவில்லை. "சமாதானத்தோடே போ" என்றார்.

ஆகவே தாத்தாவின் நினைவு நாளில் வீட்டில் இருங்கள். விருந்தாளிகளுக்குப் பரிமாறுங்கள், பாத்திரம் கழுவுங்கள், பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள். வழிபடும் நேரத்தில் மட்டும், முகம் சுளிக்காமல் ஒதுங்கி நில்லுங்கள். காரணம் கேட்டால் பேதுரு சொன்னபடி சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் ஒரு மருமகள் சிறிய புதிய ஏற்பாடு ஒன்றைப் பாலிதீன் உறையில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். உலை கொதிக்கும்வரை நான்கு வசனம் வாசித்துவிட்டு மறுபடியும் அரிசிக்குள் புதைத்துவிடுவார். மாமியார் அதைக் கண்டுபிடித்தும் எடுத்துப் போடவில்லை. அந்த மருமகளின் பணிவிடையைத்தான் அவர் வருடக்கணக்காகப் படித்துக்கொண்டிருந்தார்.

10. ஆபீஸில் "அல்லேலூயா" என்று கேலி செய்கிறார்கள். இதுவும் உபத்திரவம்தானே?

சின்ன அளவில் ஆம். புன்னகையோடு கடந்துபோங்கள். ஆனால் பேதுரு ஒரு எச்சரிக்கை தருகிறார்: பொல்லாங்கு செய்தவனாகவோ, அந்நிய காரியங்களில் தலையிடுகிறவனாகவோ பாடுபடக்கூடாது. வேலைக்குத் தாமதமாக வந்து திட்டு வாங்குவதும், பக்கத்து மேசைக்காரரை விடாமல் தொந்தரவு செய்து வெறுப்பைச் சம்பாதிப்பதும் கிறிஸ்துவுக்காகப் பட்ட பாடு ஆகாது.

11. வீட்டில் நடந்த ஜெபக்கூட்டத்தைச் சிலர் வந்து மிரட்டி நிறுத்தினார்கள். போலீஸுக்குப் போகலாமா? மறு கன்னத்தைக் காட்டச் சொல்லியிருக்கிறதே?

போகலாம். பிலிப்பி பட்டணத்தில் விசாரணை இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டவர்கள் மறுநாள் இரகசியமாக விட்டுவிடப் பார்த்தபோது பவுல் நகரவில்லை. நாங்கள் ரோமர், அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்றார். பிற்பாடு ரோமப் பேரரசரான இராயனுக்கே மேல்முறையீடு செய்தார். பழிவாங்காமல் இருப்பதும் நியாயம் கேட்பதும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு, பொது ஒழுங்குக்கும் ஒழுக்கத்துக்கும் சுகாதாரத்துக்கும் உட்பட்டு, எல்லோருக்கும் மத சுதந்திரம் தருகிறது. நடந்ததைத் தேதியோடும் நேரத்தோடும் எழுதிவையுங்கள், புகாருக்கு ரசீது வாங்குங்கள், தனியாகப் போகாதீர்கள்.

அதோடு உங்கள் பக்கத்தையும் சரிபாருங்கள். இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி வைத்து, படிக்கிற பிள்ளையையும் தூங்குகிற கிழவரையும் வதைத்துவிட்டு, அதற்கு வந்த கோபத்தை உபத்திரவம் என்று சாட்சி சொல்லக்கூடாது. எதிர்த்தவர்களின் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் போய்ப் பாருங்கள். புகார் கொடுத்த பிறகும் போய்ப் பாருங்கள்.

12. ஒரு நெருக்கடியில் நான் கிறிஸ்தவனே இல்லை என்று சொல்லிவிட்டேன். எனக்கு இனி மன்னிப்பு உண்டா?

உண்டு. பேதுரு மூன்று தரம் மறுதலித்தார். அது நடப்பதற்கு முன்பே இயேசு அவரிடம், "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன், நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து" என்று சொல்லியிருந்தார். விழப்போகிறவருக்கு, எழுந்தபின் செய்யவேண்டிய வேலையும் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருந்தது.

சபை வரலாற்றில் இந்தக் கேள்வி பெரிய புயலாகவே வீசியது. கி.பி. 250இல் பேரரசர் தேசியு எல்லோரும் தேவர்களுக்குப் பலி செலுத்திச் சான்றிதழ் வாங்கவேண்டும் என்று கட்டளையிட்டார். அந்தச் சான்றிதழ்கள் சில எகிப்தில் பாப்பிரஸ் தாள்களாகக் கிடைத்திருக்கின்றன. நான் எப்போதும் பலி செலுத்திவந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் செலுத்தி, படைத்ததில் உண்டேன் என்று மனு; கீழே சாட்சிகளின் கையெழுத்து. கூட்டம் கூட்டமாகக் கிறிஸ்தவர்கள் பணிந்தார்கள். சிலர் பலி செலுத்தாமலேயே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். புயல் ஓய்ந்ததும் எல்லோரும் சபை வாசலுக்குத் திரும்பி வந்தார்கள். அவர்களைச் சேர்க்கவே கூடாது என்றார் ரோமின் நோவாத்தியன். கார்த்தேஜ் நகரின் பேராயர் சிப்பிரியான், ஒவ்வொருவரின் நிலையையும் விசாரித்து, மனஸ்தாபத்துக்குக் காலம் கொடுத்து, சேர்த்துக்கொள்ளும் வழியில் சபையை நடத்தினார். அந்தச் சிப்பிரியானும் முதலில் ஒளிந்திருந்து கடிதங்கள் மூலம் மந்தையைப் பார்த்துக்கொண்டவர்தான். 258இல் அவர் தப்பியோடாமல் தலையைக் கொடுத்தார்.

உங்கள் நம்பிக்கைக்குரிய ஒரு போதகரிடமோ மூத்த விசுவாசியிடமோ நடந்ததை முழுவதும் சொல்லுங்கள். மறைத்து வைப்பதுதான் உங்களை உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது. பிறகு திருவிருந்துக்கு வாருங்கள்.

13. சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர், ஞாயிற்றுக்கிழமை சபையில். படிப்புக்கும் வேலைக்கும் வேறு வழியில்லை. இதுவும் மறுதலிப்பா?

இதைக் கேட்கிறவர்கள் அழுதுகொண்டே கேட்கிறார்கள். அவசரப்பட்டு ஒரு வரியில் தீர்ப்புச் சொல்ல நான் தயாராக இல்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை முதலில் இந்துக்களுக்கு மட்டும் வைத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியே. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தோடு இதை இணைக்கக்கூடாது என்று பரிந்துரைத்தது, அது நடக்கவில்லை. கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டே வேலைக்காக மட்டும் இந்து என்று கோரினால் செல்லாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஞானஸ்நானம் பெற்றதால் ஊர் ஒருவரைச் சேரியிலிருந்து வெளியே விட்டுவிடவில்லை. சலுகை மட்டும் போய்விட்டது. இது அநீதி. சபையும் இதில் கைகழுவ முடியாது. தனிக் கல்லறையும் தனி வரிசையும் வைத்திருந்த சபைகள் நம்மிடமே உண்டு.

அப்படியானால் பொய் சொல்லலாமா? சொல்லக்கூடாது என்றே நான் நம்புகிறேன். பொய்யான தாள் ஒன்றை வாழ்நாள் முழுவதும் கட்டிக்காப்பது மனச்சாட்சியைத் தேய்க்கும். சட்டப்படியும் வேலைக்கு ஆபத்து. ஆனால் முந்தைய பதிலில் சொன்ன சிப்பிரியான் காலத்துச் சபை, விரும்பிப் பலி செலுத்தியவரையும் பயத்தில் தாள் வாங்கியவரையும் ஒரே தராசில் வைக்கவில்லை. இதில் இழப்பதற்குச் சலுகை ஒன்றும் இல்லாத சாதியில் பிறந்த ஒருவர் மேடையில் நின்று இவர்களைக் கண்டிப்பதை என்னால் ஏற்க முடியாது. அவர் முதலில் அந்தப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்குச் சபையில் என்ன வழி என்று பார்க்கட்டும். நீங்கள் நல்ல வழக்கறிஞர் ஒருவரிடமும், உங்களைக் காட்டிக்கொடுக்காத ஒரு போதகரிடமும் பேசி முடிவெடுங்கள்.

14. எல்லாம் சரி. தேவன் நினைத்தால் நிறுத்தலாமே? ஏன் நிறுத்தவில்லை?

யோபுவுக்கும் இதற்கு விடை கொடுக்கப்படவில்லை. முதல் இரண்டு அதிகாரங்களில் பரலோகத்தில் நடந்ததை வாசகர்கள் அறிவோம். யோபுவிடம் கடைசிவரை யாரும் சொல்லவில்லை. அவருக்குக் கிடைத்தது காரணம் இல்லை, பெருங்காற்றிலிருந்து பேசிய தேவனே கிடைத்தார். காரணம் தெரியும் என்று உங்களிடம் உறுதியாகச் சொல்கிறவரைவிட, தெரியாது என்று சொல்லி உங்களோடு இருக்கிறவரை நம்புங்கள்.

எனக்கு இருக்கும் ஒரே பிடிமானம் சிலுவை. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று இந்தக் கேள்வியை இயேசுவே சத்தமிட்டுக் கேட்டார். அவரும் அதற்கு அப்போது பதில் பெறவில்லை. மூன்றாம் நாள் வந்தது. உங்கள் வெள்ளிக்கிழமை இன்னும் முடியவில்லை என்றால், முடிந்துவிட்டது போல நடிக்கும்படி உங்களை நான் கேட்கமாட்டேன்.

15. துன்பத்தில் இருக்கிற ஒருவரைப் பார்க்கப் போகிறேன். என்ன சொல்வது?

யோபுவின் நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், வந்த புதிதில் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் தரையில் அவரோடு உட்கார்ந்ததுதான். அங்கிருந்து தொடங்குங்கள். "தேவ சித்தம்", "எல்லாம் நன்மைக்கே", "உங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்" ஆகிய மூன்றையும் வாயில் வரவிடாதீர்கள். அவர் பேசினால் கேளுங்கள். ஜெபிக்கலாமா என்று அனுமதி கேட்டு, கட்டிலில் கிடப்பவருக்குக் களைப்பு வராத அளவுக்குச் சுருக்கமாக ஜெபியுங்கள். ஒரு சங்கீதம் போதும். எது வேண்டும் என்று அவரையே கேளுங்கள்.

வெறுங்கையோடு போகாதீர்கள். பிளாஸ்கில் கஞ்சி, கூடவே துணைக்கு இருப்பவருக்கு ஒரு சாப்பாட்டுப் பொட்டலம். அவரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். முதல் வாரம் கூட்டம் வரும். மூன்றாவது மாதத்தில் யாரும் இருக்கமாட்டார்கள், நீங்கள் அப்போது போங்கள். டயாலிசிஸுக்குப் போகிறவருக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் பஸ்ஸிலிருந்து கையைப் பிடித்து இறக்கிவிட ஆள் வேண்டியிருக்கும். சபையில் ஒரு நோட்டுப் போட்டு, யார் எந்தக் கிழமை என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். முதல் கிழமைக்கு நேரே உங்கள் பெயரை எழுதிவிட்டு நோட்டை அடுத்தவரிடம் கொடுங்கள்.